ஈட்டலும் ஈதலும்: பாலாற்றங்கரை முஸ்லிம் வணிகர்களின் வரலாறு தரும் பாடம்



மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்த பிறகு, வேலூர் சாலையின் இருமருங்கிலும் கடைகள் பெருகியுள்ளன. நம் சமுதாய இளைஞர்களும் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் எண்ணத்தை விடுத்து, பிறந்த ஊரிலேயே சொந்தத் தொழில் தொடங்க விரும்புகின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமாகும். தொழில் தொடங்கும் முன் பெற்றோர் ஆலிம்களிடம் துஆச் செய்யச் சொல்லி வருகின்றனர். ஸகாத் எவ்வளவு, பள்ளிவாசலுக்கு எவ்வளவு, மதரஸாவுக்கு எவ்வளவு என்று கேட்கின்றனர். ஆனால் அந்த வருமானம் ஈட்டப்படும் வழியில் வாடிக்கையாளருக்கோ, கூலியாளுக்கோ, அண்டை வீட்டாருக்கோ தீங்கு நேருமா என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது.

கொடுப்பதைப் பற்றிய கேள்விக்கு முன், ஈட்டுவதைப் பற்றிய கேள்வி வரவேண்டும். இதனை விளக்க நாம் தொலைதூர நாட்டு வரலாற்றைத் தேட வேண்டியதில்லை. நம் பழைய மாவட்டத்தின் வரலாறே போதும்.

1989 செப்டம்பர் 30 வரை திருவண்ணாமலை தனி மாவட்டமாக இருக்கவில்லை. அது வடஆற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வேங்கிக்கால் வழியாகச் செல்லும் சாலை போளூர், கண்ணமங்கலம் கடந்து வேலூரை அடைகிறது. அங்கிருந்து பாலாற்றின் போக்கை ஒட்டிக் கிழக்கே சென்றால் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் வரும். மேற்கே சென்றால் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். இன்று இவ்வூர்கள் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் வேறு வேறு மாவட்டங்களில் உள்ளன. ஆயினும் ஒரு காலத்தில் நாம் அனைவரும் ஒரே மாவட்டத்தாராகவே இருந்தோம். தென்னிந்திய முஸ்லிம்களின் தொழில் வரலாற்றில் இந்தப் பாலாற்றங்கரை ஊர்களுக்குத் தனி இடமுண்டு.

வணிகம் நபிவழிக்கு அந்நியமானதன்று

தீன் வேறு, தொழில் வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம் மார்க்கத்தின் பார்வையன்று. நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன்பே மக்காவில் ‘அல்அமீன்’ (நம்பிக்கைக்குரியவர்) என்று அறியப்பட்டவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு சிரியாவுக்கு வணிகம் செய்யச் சென்றார்கள். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போட்டு, இலாபத்தைப் பங்கிடும் இம்முறையையே ஃபிக்ஹு நூல்கள் ‘முளாரபா’ என்று விவரிக்கின்றன.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அன்ஸாரித் தோழருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். உழைத்து உண்பது சுயமரியாதை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

அதே மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். வணிகத்துக்கு இடமளித்த மார்க்கம் அதற்கு வகுத்த எல்லை இது.

தோல் தொழில் வளர்ந்த விதம்

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிடுவது நெடுங்காலமாகத் தமிழகத்தில் நடைபெற்ற தொழிலே. ஆனால் தோலைத் தொடுவதையே தீட்டாகக் கருதிய சமூகத்தில், பலர் அத்தொழிலில் இறங்கவில்லை. அவ்வாறு ஒதுக்கப்பட்ட தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முதலிட்டனர். தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். பாலாற்றங்கரையின் செல்வம் இவர்களின் உழைப்பின் மீது எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலப் பதனிடும் முறை முழுவதும் தாவரப் பொருள்களைச் சார்ந்திருந்தது. வறண்ட நிலங்களில் விளையும் ஆவாரம்பட்டை தோலுக்கு உறுதி தந்தது. கடுக்காய் அதன் நிறத்தையும் தன்மையையும் காத்தது. நம் ஜவ்வாது மலையிலும் கடுக்காய் சேகரிக்கப்படுவதை இவ்வட்டாரத்தார் அறிவர். பட்டைச்சாற்றில் தோல் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அவசரப்படுவோருக்கு அத்தொழிலில் இடமில்லை.

இவ்வாறு பதனிட்ட தோல் சென்னையின் பெரியமேட்டுக் கிடங்குகளுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றது. வாங்குபவர் ஒரு கண்டத்தில், விற்பவர் மற்றொரு கண்டத்தில். இடையே இருந்தது தரப்பிரிவும் வணிகரின் சொல்லும் மட்டுமே. முதல் தரம் என்று கட்டிய கட்டுக்குள் மூன்றாம் தரத்தை நுழைத்தவரின் பெயர் சந்தையில் நெடுநாள் நிலைக்காது. தானியக் குவியலின் பாடம் இங்கே தோல் கட்டுகளுக்கும் பொருந்தியது.

முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணிகளுக்காக இத்தோலின் தேவை பன்மடங்கு உயர்ந்தது. அரசே தோல் கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. வணிகர் பலரிடம் பெருஞ்செல்வம் சேர்ந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியோ அதே வேகத்தில் பலரை நொடிக்கச் செய்தது. செல்வம் வருவதும் போவதும் அல்லாஹ்வின் நாட்டம் என்பதை அத்தலைமுறையினர் தம் வாழ்நாளிலேயே கண்டனர்.

செல்வம் எங்கே சென்றது?

இவ்வணிகர்களில் பலரின் நிறுவனங்கள் இன்று இல்லை. ஆனால் அவர்கள் அறத்துக்காக ஒதுக்கியவை நிற்கின்றன.

மேல்விஷாரத்தைச் சேர்ந்த சி. அப்துல் ஹக்கீம் சாகிப் (1863–1938) தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். ‘நவாப்’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர். சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகில் பயணிகள் தங்குவதற்கு அவர் எழுப்பிய சித்தீக் சராய் இன்றும் பயன்படுகிறது. மருத்துவத்துக்காகவும் அலுவலுக்காகவும் சென்னை செல்லும் நம் ஊர்க் குடும்பங்கள் சில அதனை அறிந்திருக்கும். அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1965இல் மேல்விஷாரத்தில் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. 1918இல் தோன்றிய மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் அதனை நடத்துகிறது. கீழக்கரை வள்ளலைக் குறித்துத் தமிழர் நாவில் வழங்கும் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி இவருக்கும் பொருந்தும் அன்றோ!

ஆம்பூர்த் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் சாகிப், 1924இல் ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு செல்லும் சாலையில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவினார். அவர் பெயராலேயே அவ்விடம் உமராபாத் ஆயிற்று. மஸ்லக் வேறுபாடுகளால் உம்மத் பிளவுபட்டிருந்த காலத்தில், ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இல்லாமல் அனைவருக்கும் பொதுவான கல்வி நிலையமாக அதனை அமைத்தார். மார்க்கக் கல்வியோடு உலகக் கல்வியும் சேர வேண்டும் என்பது அவரது நோக்கம். நூறாண்டுகளைக் கடந்தும் அங்கிருந்து ‘உமரி’ ஆலிம்கள் வெளிவந்துகொண்டிருக்கின்றனர்.

வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. வேலூரில் அஃலா ஹஸ்ரத் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், தமிழகம் கடந்து மலபாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தது. திருச்சியில் 1951இல் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரிக்குக் காரணமானவர்களும் வணிகர்களே. தோல் வணிகர் எம். ஜமால் முஹம்மது சாகிபும், என்.எம். காஜாமியான் ராவுத்தரும் அதன் நிறுவனர்களாகப் போற்றப்படுகின்றனர்.

இவர்கள் செய்தது வெறும் நன்கொடையன்று. அன்றைய பசியை அன்றே தீர்ப்பது ஸதகா. மூலப்பொருளை நிலையாக நிறுத்தி, அதன் பயனை மட்டும் தலைமுறை தலைமுறையாக வழங்குவது வக்ஃபு. உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று வினவியபோது, நிலத்தை விற்காமல், வாரிசுரிமையாக்காமல் நிறுத்தி, விளைச்சலை அறத்துக்கு வழங்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். மனிதன் இறந்த பின்பும் நன்மை வந்துகொண்டிருக்கும் ஸதகத்துல் ஜாரியா அதுவே. கடையின் கணக்குப் புத்தகம் மூடப்பட்ட பின்பும் இந்தக் கணக்கு மூடப்படுவதில்லை.

ஆறு சொல்லும் சாட்சியம்

இத்துடன் கட்டுரையை முடித்தால் நாம் வரலாற்றின் பாதியை மட்டுமே சொன்னவராவோம். முன்னோரின் கொடையை மேடைகளில் பேசுகிறோம். அதே தொழில் பாலாற்றுக்குச் செய்ததைப் பேசத் தயங்குகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாள்களில் முடிந்தது. உற்பத்தியும் ஏற்றுமதியும் பெருகின. தோல் கெடாதிருக்கச் சேர்க்கும் உப்பும் குரோமியமும் கழிவுநீரில் கலந்தன. அந்நீர் வாய்க்கால்களிலும் திறந்த வெளியிலும் விடப்பட்டு, பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்தது. கிணறுகள் உவர்ந்தன. வயல்கள் விளைச்சலை இழந்தன.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதை அது மறுக்கவில்லை. ஆயினும் சுற்றுச்சூழலையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்கும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. வழக்குக்குட்பட்ட தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலைகள் இயங்கலாகாது என்றும் ஆணையிட்டது. இந்தியச் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் இன்று படிக்கும் தீர்ப்பு இது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. பல வணிகர்கள் பெரும்பொருள் செலவிட்டுத் தம் ஆலைகளைச் சீரமைத்தனர். அவர்களின் முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் சிக்கல் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைக் குறித்துத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவரிடமிருந்து பெற வேண்டும் என்று ஆணையிட்டது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இஸ்லாமிய வரலாற்றில் புகழ்பெற்ற அறக்கொடைகளுள் ஒன்று மதீனாவின் ரூமா கிணறு. காசுக்கு நீர் விற்கப்பட்ட அக்கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் வாங்கி மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். நீர்த்துறைகளிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கிணற்றை மீட்டுக் கொடுத்தவரின் வழிவந்தோம் என்று சொல்லும் சமுதாயத்தினர் நடத்திய தொழிலின் கழிவு, அண்டை கிராமத்து உழவரின் கிணற்றைக் கெடுத்தது. அந்த உழவருக்கு நாம் கட்டிய கல்லூரியைக் காட்டி ஆறுதல் சொல்ல இயலுமா?

இயலாது. கொடை என்பது ஈட்டலில் நேர்ந்த தீங்கைக் கழுவும் நீரன்று. நல்வழியில் ஈட்டியவற்றிலிருந்தே செலவிடுமாறு திருக்குர்ஆன் ஏவுகிறது. ஒருவரின் உரிமை பறிக்கப்பட்டிருந்தால், அவ்வுரிமை அவரிடமே திரும்ப வேண்டும். அதை மற்றொருவருக்குத் தானமாக வழங்குவது ஹக்குல் இபாதை (அடியார்களின் உரிமையை) நிறைவேற்றாது. தவ்பாவின் நிபந்தனைகளில் இதுவும் ஒன்றென மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவார்.

முதல் தலைமுறை வணிகரை இக்காலத்து அறிவைக் கொண்டு குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவர்கள் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தொழில் செய்தவர்கள். தீங்கு தெளிவாகத் தெரிந்த பின்பு வந்தவர்களுக்கே கேள்வி கடுமையாகிறது. நாம் அந்தப் பின்வந்த தலைமுறையினர்.

வேங்கிக்கால் வணிகருக்கு

நம் ஊரில் தோல் ஆலை இல்லையே, இவையெல்லாம் நமக்கெதற்கு என்று சிலர் கருதலாம். தீங்கின் அளவு மாறலாம், அதன் வகை மாறுவதில்லை. உணவகத்தின் எண்ணெய்க் கழிவு எந்த வாய்க்காலுக்குச் செல்கிறது? இறைச்சிக் கடையின் கழிவு எந்த ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது? பட்டறையின் இரைச்சலால் அடுத்த வீட்டு நோயாளியின் உறக்கம் கெடுகிறதா? கடை திறக்கும் நாளில் ஃபாத்திஹா ஓதுவதோடு இக்கேள்விகளையும் கேட்டுக்கொள்வது தீனின் பகுதியே.

இரண்டாவது, கூலி. வியர்வை உலரும் முன் உழைத்தவரின் ஊதியத்தைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ரமளானில் ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் வணிகர், தம் கடையில் பணியாற்றும் இளைஞருக்கு மூன்று மாத ஊதியத்தை நிறுத்தி வைத்திருந்தால், அவர் முதலில் செய்ய வேண்டிய இபாதத் அந்த ஊதியத்தைக் கொடுப்பதே. அவ்விளைஞர் முஸ்லிமா, மாற்றுச் சமயத்தவரா என்னும் வேறுபாடு இதில் இல்லை.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தின்போதும் கிரிவலத்துக்காக இலட்சக்கணக்கான மக்கள் திருவண்ணாமலைக்கு வருகின்றனர். அவர்களுடைய வழிபாடு அவர்களுக்கு, நம் மார்க்கம் நமக்கு. ஆனால் அவர்கள் நம் கடைகளில் நீர் வாங்குகின்றனர், உணவு உண்கின்றனர், நம் வாகனங்களில் ஏறுகின்றனர். வெளியூரார் உள்ளூர் விலையை அறியார். கூட்ட நாளில் அவசரத்தையும் அறியாமையையும் விலையாக்கும் வாய்ப்பு ஒவ்வொரு வணிகருக்கும் உண்டு. பொருள்களோடு வரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை அறியாத அவர்களிடம் கொள்முதல் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். அறியாதவரின் அறியாமையை இலாபமாக்காதே என்பது அதன் உட்பொருள். கிரிவலம் வந்த ஒரு முதியவர், “அந்த பாய் கடையில் சரியான விலை” என்று ஊர் திரும்பிச் சொன்னால், அது பல மேடைப் பேச்சுகளைவிடச் சிறந்த தஃவா ஆகும்.

நான்காவது, முதல். வட்டிக்குக் கடன் வாங்கித் தொடங்கிய தொழிலில் பரகத்தை எதிர்பார்ப்பது எவ்வாறு? ஆனால் “வட்டி ஹராம்” என்று சொல்வதோடு ஆலிம்களின் கடமை முடிந்துவிடாது. மஹல்லாவில் வசதி படைத்தோர் இலாப நட்டப் பங்கீட்டில் முதல் தர முன்வர வேண்டும். சிறு வணிகருக்குக் கர்ளன் ஹஸனா (வட்டியில்லா அழகிய கடன்) கிடைக்க ஜமாஅத்துகள் வழிசெய்ய வேண்டும். உமர் சாகிபும் அப்துல் ஹக்கீம் சாகிபும் கல்விக்குச் செய்ததை, இத்தலைமுறைச் செல்வந்தர் தொழிலுக்கும் செய்யலாம். வாங்குபவரும் குறித்த நாளில் திருப்பித் தரும் அமானத்தைப் பேண வேண்டும். அமானத் குலைந்த இடத்தில் உதவும் கரங்கள் சுருங்கிவிடுகின்றன.

கண்ணியமிக்க பெற்றோர்களே! பிள்ளைகளுக்குப் பாலாற்றங்கரை வணிகரின் வரலாற்றைச் சொல்லுங்கள். ஒதுக்கப்பட்ட தொழிலை ஏற்று உலகச் சந்தை வரை சென்ற அவர்களின் துணிவைச் சொல்லுங்கள். ஈட்டியதைக் கல்லூரியாகவும் சராயாகவும் நிறுத்திச் சென்ற ஈகையைச் சொல்லுங்கள். உவர்ந்துபோன கிணறுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறுமையில் செல்வத்தைப் பற்றி இரு கேள்விகள் உண்டு என்று ஹதீஸ் நமக்கு அறிவிக்கிறது: எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று, எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. நன்கொடை ரசீதுகள் இரண்டாம் கேள்விக்கு மட்டுமே விடையாகும்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோரின் நற்செயல்களை ஏற்று, அவர்களின் பிழைகளை மன்னித்தருள்வானாக! நம் பிள்ளைகளின் கைகளுக்கு ஹலாலான தொழிலையும், உள்ளத்துக்கு அமானத்தையும் வழங்கியருள்வானாக! ஆமீன்.